வீட்டு பிரின்டரில் துணி அச்சு: கறுப்பு மைக்கு என் ஓட்டு

அம்மாவின் சமையல் நோட்டில் உள்ள கையெழுத்தைத் துணியில் அச்சிட்டு ஒரு குவில்ட் (துணிக் கட்டங்களை ஒட்டுப்போட்டு, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைக்க வேண்டும். என் தேவை இவ்வளவுதான். கண்ணாடி போட்டு மாட்டி வைக்கும் குவில்ட் எனக்கு வேண்டாம். குழந்தைகள் போர்த்திக்கொண்டு புரளட்டும், பால் சிந்தட்டும், வாரம் ஒருமுறை துவைக்கட்டும். எழுத்து அப்படியே இருக்க வேண்டும். அதனால் துணியில் அச்சிடும் ஒவ்வொரு வழியையும் நான் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்த்தேன்: துவைத்தால் நிற்குமா? அச்சிட்ட அன்று எல்லாமே அழகாகத்தான் இருக்கும். வாளித் தண்ணீரில் போட்ட பிறகுதான் விஷயம் தெரியும்.

நான் இருப்பது கோயம்புத்தூரில். பிறந்த குழந்தைகளுக்கான ஒட்டுத்துணி விரிப்புகளை ஆர்டருக்குத் தைத்துக் கொடுக்கிறேன். பின்பக்கம் குழந்தையின் பெயரும் பிறந்த தேதியும் போட்ட சின்னத் துணி லேபிள் வேண்டும் என்று பலரும் கேட்பார்கள். துணி அச்சில் இறங்கியது அந்த லேபிளுக்காகத்தான். அம்மாவின் நோட்டு பிறகு வந்தது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிக்மென்ட் வகைக் கறுப்பு மை, கஞ்சி போக வேகவைத்து அலசிய பாப்ளின், அதை விறைப்பாகப் பிடித்துக்கொள்ள ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் ஏ4 ஸ்டிக்கர் ஷீட். இந்த மூன்றும் சேர்ந்தால் எழுத்தும் கோட்டுப் படமும் வீட்டிலேயே பிரமாதமாக வரும், துவைத்தாலும் நிற்கும். கலர் போட்டோவுக்கு இதே அளவு உத்தரவாதம் தர மாட்டேன். அது ஏன் என்று கீழே விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் மை. ஏனென்றால் எல்லாம் அங்கேதான் தீர்மானமாகிறது. இங்க்ஜெட் மையில் இரண்டு வகை. சாய மை தண்ணீரில் முழுக்கக் கரைந்திருப்பது. காகிதத்தில் பளிச்சென்று இருக்கும். துணியில் போட்டு அலசினால் மறுபடி தண்ணீரோடு கிளம்பிவிடும். பிக்மென்ட் மையில் நிறம் கரைவதில்லை, மிக நுண்ணிய துகளாக மிதக்கிறது. ஈரம் காய்ந்ததும் அந்தத் துகள் நூலிழையில் பிடித்துக்கொள்கிறது. வெயிலையும் சாயத்தைவிட நன்றாகத் தாங்குகிறது.

நம் வீடுகளில் இருக்கும், பாட்டில் மையை ஊற்றி நிரப்பும் டேங்க் பிரின்டர்களில் பலவற்றில் கறுப்பு மட்டும் பிக்மென்ட், மற்ற மூன்று நிறமும் சாயம். கேனான் ஜி வரிசைக்கு வரும் ஜிஐ-790 பாட்டில்கள் அப்படித்தான். ஹெச்பி டேங்க் பிரின்டர்களின் ஜிடி பாட்டில்களும் அப்படித்தான். எப்சனில் மாடலுக்கு மாடல் மாறுகிறது. டியூராபிரைட் என்ற பெயர் போட்ட மை என்றால் நான்கு நிறமும் பிக்மென்ட், துகளைச் சுற்றி ரெசின் பூச்சும் உண்டு. உங்களிடம் இருப்பது எது என்று தெரியவில்லையா? மாடல் எண்ணையோ மை பாட்டிலின் எண்ணையோ கம்பெனியின் தளத்தில் போட்டுப் பாருங்கள், மை வகை போட்டிருக்கும். துணியைக் கையில் எடுக்கும் முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள்.

இன்னொரு சூட்சுமம், இதை யாரும் சொல்வதில்லை. பிரின்ட் கொடுக்கும்போது பேப்பர் வகை எது என்று கம்ப்யூட்டர் கேட்கும். துணி ஏதோ விசேஷமானது என்று நினைத்து போட்டோ பேப்பர் என்று கொடுத்துவிடாதீர்கள். அப்படிக் கொடுத்தால் இந்தக் கலப்பு பிரின்டர்கள் பிக்மென்ட் கறுப்பை ஒதுக்கிவிட்டு, மூன்று நிறச் சாயத்தைக் கலந்து கறுப்பு செய்யும். பார்க்கக் கறுப்பாகத்தான் இருக்கும். அலசும்போது எழுத்தின் ஓரமெல்லாம் ஊதாவாகக் கசியும். ப்ளெய்ன் பேப்பர், கிரேஸ்கேல் (கறுப்பு வெள்ளை அச்சு), தரம் ஹை. இந்த மூன்றையும் கொடுத்தால் சரியான டேங்க்கிலிருந்து மை வரும்.

லேசர் பிரின்டர் இதற்கு ஆகாது. அதில் மை கிடையாது. பிளாஸ்டிக் கலந்த பொடியைச் சூட்டில் உருக்கி மேலே படிய வைக்கிறார்கள். துணி மடியும் இடத்தில் அது உதிரும். ஸ்டிக்கர் ஒட்டிய துணியை அந்தச் சூட்டுக்குள் விட்டால் பசை இளகி உருளையில் ஒட்டும் அபாயமும் இருக்கிறது. தெருமுனை ஜெராக்ஸ் கடையில் இருப்பது பெரும்பாலும் லேசர்தான். அங்கே கொண்டுபோய்க் கொடுத்து அந்த அண்ணனைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

பருத்தியில் கறுப்பு நிலைத்து நிற்பது நம் ஊருக்குப் பழைய சங்கதி. சலவைத் தொழிலாளர்கள் சேங்கொட்டைச் சாற்றால் துணியில் குறி போட்டு, சுண்ணாம்பு தடவி அதை நிலைநிறுத்துவார்கள். அந்தக் குறி வெள்ளாவியில் வெந்தாலும் போகாது. (ஆசைப்பட்டு யாரும் முயலாதீர்கள், அந்தச் சாறு தோலைப் புண்ணாக்கிவிடும்.) அமெரிக்காவில் 1840களில் ஒரு பழக்கம் பரவியது. நண்பர்களும் உறவினர்களும் ஆளுக்கொரு துணிக் கட்டத்தில் மையால் பெயரெழுதித் தர, எல்லாவற்றையும் சேர்த்துக் குவில்ட் தைப்பார்கள். துணியை அரிக்காத, துவைத்தாலும் போகாத மை கிடைக்கத் தொடங்கியது அந்தப் பழக்கத்துக்குப் பெரிய துணை. இரும்பு சேர்ந்த பழைய மைகள் காலப்போக்கில் பருத்தியை அரித்துவிடும். அந்தக் கவலை இல்லாத கறுப்பு மை இன்று நம் மேசை மேலேயே ஒரு பாட்டிலில் இருக்கிறது. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

துணிக்கு வருவோம். நூறு சதவீதம் பருத்தியாக இருக்க வேண்டும். கடைக்காரர் சத்தியம் செய்தாலும் ஒரு நூலை உருவி எரித்துப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். அப்புறம் நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும். காடா துணி விலை குறைவு, ஆனால் நூல் தடிப்பு. அம்மாவின் ‘ழ’வும் ‘ண’வும் அதில் உடைந்து உடைந்து தெரிந்தன. மல் துணி மென்மையாக இருக்கும், ஆனால் இழை இடைவெளியில் மை இறங்கிவிடுவதால் கறுப்பு சாம்பலாகிறது. காம்ப்ரிக் நன்றாக வருகிறது. எனக்கு மிகவும் பிடித்தது நல்ல பாப்ளின். ஒப்பணக்காரத் தெருவில் மீட்டர் கணக்கில் வாங்குகிறேன். மொத்தமாக வேண்டும் என்றால் ஈரோடு ஜவுளிச் சந்தையில் கேட்கலாம். அங்கேயும் திருப்பூரிலும் ‘ஆர்எஃப்டி துணி இருக்கிறதா?’ என்று கேட்டால் புரிந்துகொள்வார்கள். சாயம் போடத் தயாராக, கஞ்சியும் மெருகும் எடுத்த வெள்ளைத் துணி அது. கிடைத்தால் பாதி வேலை மிச்சம்.

சாதாரண பாப்ளின் என்றால் அந்தப் பாதி வேலை நம்முடையது. கடைத் துணியில் கஞ்சி இருக்கும், மெருகு இருக்கும். அது மையை நூலுக்குள் போக விடாது. பெரிய பாத்திரத்தில் சலவை சோடா கொஞ்சம் போட்டு அரை மணி நேரம் துணியை வேகவைத்து, தண்ணீர் தெளியும்வரை அலசுவேன். நீலம் போடக் கூடாது, வாசனைக்கு கம்ஃபர்ட் போன்றவையும் கூடாது. காய்ந்த பிறகு ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு மேலே உருண்டு நின்றால் கஞ்சி இன்னும் இருக்கிறது. விட்ட கணத்தில் உறிஞ்சினால் துணி தயார். இப்படி வேகவைத்ததிலேயே துணி சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கிவிடுவதால், தைத்த பிறகு கட்டங்கள் கோணுவதும் குறைகிறது.

இனி துணியை பிரின்டருக்குள் போகும் அளவுக்கு விறைப்பாக்க வேண்டும். அமெரிக்கக் குவில்ட்காரர்கள் இதற்கு ஃப்ரீசர் பேப்பர் பயன்படுத்துகிறார்கள். இறைச்சி சுற்றும் காகிதம் அது. ஒரு பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. அந்தப் பக்கத்தைத் துணியில் வைத்து ஆவி இல்லாமல் இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும். அச்சான பின் உரித்தால் பிசுக்கே இல்லாமல் வந்துவிடும். தரத்தில் அதுதான் மேல், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எங்கள் ஊர்க் கடைகளில் நான் அதைக் கண்டதில்லை, இணையத்தில் இறக்குமதி விலைக்குத்தான் வாங்க வேண்டும். அதற்குப் பதில் கேக் தட்டில் போடும் பட்டர் பேப்பரை வைத்து முயல வேண்டாம். அது எதிலும் ஒட்டாமல் இருக்கவே செய்யப்பட்டது.

ஏ4 ஸ்டிக்கர் ஷீட்தான் நமக்குக் கைகொடுப்பது. வெட்டுக்கோடு எதுவும் இல்லாத முழு ஷீட்டாகக் கேட்டு வாங்குங்கள். துணியை ஏ4-ஐவிடச் சற்றுப் பெரிதாக, பாவு நூல் நீளவாக்கில் இருக்கும்படி வெட்டிக்கொள்ள வேண்டும். ஊடு, அதாவது குறுக்கு நூல் பக்கம்தான் அதிகம் இழுபடும், அது நீளவாக்கில் வந்தால் உருளை இழுக்கும்போது எழுத்தும் நீளும். துணியைச் சூடாக இஸ்திரி போட்டு ஆறவிட்டு, ஸ்டிக்கரின் முதுகுக் காகிதத்தை ஒரு ஓரத்திலிருந்து உரித்துக்கொண்டே ஸ்கேலால் அழுத்தி ஒட்டுங்கள். குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது. அப்புறம் திருப்பிப் போட்டு, புதிய பிளேடால் ஸ்டிக்கரின் ஓரத்தை ஒட்டி வெட்டுங்கள். கத்தரிக்கோல் வேண்டாம், அது பிசிறு விடும். ஒரு பிசிறு போதும், அச்சுத் தலையில் சிக்கி ஷீட்டின் நீளத்துக்கும் கோடு இழுத்துவிடும். செலோடேப்பை உள்ளங்கையில் சுற்றி, துணியின் மேல் ஒற்றியெடுத்தால் தூசியும் பஞ்சும் வந்துவிடும். முதலில் உள்ளே போகும் ஓரத்தை மட்டும் மெல்லிய டேப்பால் மடித்து ஒட்டுகிறேன்.

பிரின்டர் எந்த வழியாகத் தாளை இழுக்கிறது என்பதும் முக்கியம். பின்பக்கம் நிறுத்தி வைத்தால் கீழே சரிந்து முன்னால் வரும் வகையே துணிக்கு நல்லது. முன்பக்கத் தட்டிலிருந்து இழுத்து உள்ளேயே ஒரு வளைவு வளைத்து வெளியே தள்ளும் வகையில் துணி அந்த வளைவிலேயே ஸ்டிக்கரை விட்டுப் பிரிகிறது. விலை குறைந்த டேங்க் பிரின்டர்கள் பலவும் பின்பக்கம் தாள் வைக்கும் வகைதான், இந்த ஒரு விஷயத்தில் அவை விலை கூடினவற்றைவிட நமக்கு உதவி. ஒரு நேரத்துக்கு ஒரு ஷீட் மட்டும் வையுங்கள். கேனானில் காகித உராய்வைத் தடுக்க ஓர் அமைப்பு உண்டு, அதைப் போட்டால் தலை சற்று உயர்ந்து துணியில் உரசாமல் போகும். இந்த வீட்டு பிரின்டர்களை எந்தக் கம்பெனியும் துணிக்காகச் செய்து விற்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளைகளின் பள்ளி வேலைக்கு இருக்கும் ஒரே பிரின்டர் என்றால் யோசித்துச் செய்யுங்கள்.

ரெடிமேடாகவே வரும் துணி ஷீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலெக்ட்ரிக் குவில்ட் கம்பெனியின் ஈக்யூ பிரின்டபிள்ஸ், ஜூன் டெய்லர் போன்றவை அமெரிக்காவில் பிரபலம். தோழி ஒருத்தி வரும்போது கொண்டுவந்து கொடுத்தாள். சாய மையும் நிற்கும்படி முன்கூட்டியே மருந்து போட்டு, பின்னால் காகிதம் ஒட்டி, பிசிறே இல்லாமல் வெட்டிய துணி. நெசவு அவ்வளவு நெருக்கம், எழுத்தின் மெல்லிய கொம்புகூட முழுசாக வந்தது. கலரும் நான் வீட்டில் செய்த எதையும்விட நன்றாக நின்றது. குறை என்றால் விலைதான். ஒரு ஷீட்டின் விலையில் இங்கே மூன்று மீட்டர் பாப்ளின் வாங்கிவிடலாம். இன்னொன்று, அந்த ஷீட் நம் ஏ4 அளவில் இல்லை. 8.5க்கு 11 இன்ச், லெட்டர் அளவு. பிரின்ட் கொடுக்கும் இடத்தில் அளவை மாற்றாவிட்டால் கடைசி வரி துணிக்கு வெளியே போய்விடும். ஒரே ஒரு கலர் படம், அது காலத்துக்கும் இருக்க வேண்டும் என்றால் இதை வாங்குங்கள். குவில்ட் முழுக்க இதில் செய்வது நமக்குக் கட்டுப்படியாகாது.

நோட்டுப் பக்கங்களைத் தயார் செய்தது எனக்குப் பிடித்த வேலை. அம்மா நீல பால்பாயின்ட்டில் எழுதுபவர். பக்கங்கள் மஞ்சளாகி, எண்ணெய் பட்டு இருந்தன. ஸ்கேனர் உள்ள பிரின்டர் என்றால் 300 டிபிஐ போதும். துணி அதற்குமேல் காட்டாது. படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது ரெட் சேனலை மட்டும் எடுத்துக்கொண்டால் நீல எழுத்து நல்ல கறுப்பாகவும், மஞ்சள் காகிதம் வெள்ளையாகவும் தெரியும். போனில் உள்ள இலவசச் செயலிகள் சிலவற்றிலேயே இந்த வசதி இருக்கிறது. அப்புறம் கான்ட்ராஸ்டைக் கூட்டி, மிச்சமிருக்கும் சாம்பல் நிழலைப் போக்குங்கள். எழுத்தைத் தொடாதீர்கள். ‘புளி எலுமிச்சை அளவு’ என்று எழுதி அடித்துவிட்டு ‘நெல்லிக்காய் அளவு போதும், பழம்புளி’ என்று மேலே திருத்தியிருந்தார். அரிசி அளவெல்லாம் ஆழாக்கில் இருக்கிறது. ஓரத்தில் பால் கணக்குகூட இருந்தது. எல்லாவற்றையும் அப்படியே வைத்தேன். சுத்தமாக டைப் செய்த குறிப்பு வேண்டும் என்றால் அதற்குக் குவில்ட் எதற்கு?

பென்சிலில் எழுதிய பக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். மெல்லிய சாம்பல் கோடு துணியில் துவைக்கத் துவைக்கக் காணாமல் போகிறது.

அச்சானதும் உடனே ஸ்டிக்கரை உரிக்க வேண்டும். நாளாக நாளாகப் பசை துணியோடு இறுகும். உரிப்பதற்கு முன் இஸ்திரி காட்டக் கூடாது, சூட்டில் பசை துணிக்குள் இறங்கிவிடும். மூலையிலிருந்து, துணியை இழுக்காமல் காகிதத்தை மடக்கி மடக்கி உரியுங்கள். ஒரு நாள் முழுக்கக் காற்றில் காயவிட்டு, மேலே வேறு துணி போட்டு, ஆவியில்லாமல் நல்ல சூட்டில் இஸ்திரி. பிறகு அகலமான தட்டில் குளிர்ந்த தண்ணீர் விட்டு, மடிக்காமல் விரித்தபடியே அலச வேண்டும். பிழியாதீர்கள். நிழலில் காயப்போடுங்கள்.

முதல் அலசலில் கறுப்பு கொஞ்சம் இறங்கும். அச்சுக் கறுப்பிலிருந்து கரிக் கறுப்புக்கு வரும். அதற்குப் பிறகு நின்றுவிடுகிறது. இரண்டாவது, மூன்றாவது சலவைக்கும் அதற்கடுத்த சலவைகளுக்கும் கண்ணுக்குத் தெரிந்த வித்தியாசம் இல்லை. சோப்புத் தூளில் காரம் அதிகம் என்பதால் திரவ டிடர்ஜென்ட்தான் போடுகிறேன். போர்த் தண்ணீரில் துவைத்த துண்டில் வெள்ளை மங்கி எழுத்தும் மங்கினாற்போல் இருந்தது. சிறுவாணித் தண்ணீரில் துவைத்தது பளிச்சென்று இருக்கிறது. ஆக, மங்கியது எழுத்தில்லை, துணியின் வெள்ளைதான். குழந்தைகளின் பெயர் லேபிள்களும் இதே கதைதான். திரும்பி வந்து பார்த்த விரிப்புகளில் பெயரும் தேதியும் தெளிவாக இருக்கின்றன.

கையில் தட்டும் உணர்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். தைப்பதற்கு முன் ஒரு கட்டத்தை அம்மாவிடம் கொடுத்தேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “என்ன கண்ணு, எழுத்து கைக்கே தட்டலையே, துணியோடயே நெய்தாப்பல இருக்குது” என்றார். பிக்மென்ட் மையில் எனக்கு மிகப் பிடித்த குணம் அதுதான். துணி துணியாகவே இருக்கிறது.

இனி கலர். சாய மையில், மருந்து போடாத பாப்ளினில், தாத்தா பாட்டி போட்டோவை அச்சிட்டு அலசிப் பார்த்தேன். வாளித் தண்ணீர் இளஞ்சிவப்பானது. படத்தில் மிச்சமிருந்தது நீலமும் சாம்பலும். வினிகரில் ஊறவைத்தால் நிற்கும் என்று பலரும் எழுதுகிறார்கள். உப்பு, படிகாரம் என்றும் சொல்கிறார்கள். என் வாளியில் இவை எதுவும் சாய மையைப் பிடித்து நிறுத்தவில்லை. இதற்கென்றே பபுள் ஜெட் செட் 2000 என்ற திரவம் இருக்கிறது. துணியை அதில் சில நிமிடம் ஊறவைத்து, காயவைத்து அச்சிட்டால் சாய மையைத் துணி பிடித்துக்கொள்கிறது. வேலை செய்யும் பொருள்தான். ஆனால் அதையும் வரவழைக்க வேண்டும். வரவழைத்தாலும் அந்தப் படத்தைச் சன்னலோரம் வைத்தால் வெயில் சாய மையை விடாது.

என்னைக் கேட்டால், வீட்டில் பழைய கறுப்பு வெள்ளை ஸ்டூடியோ போட்டோ இருந்தால் அதை எடுங்கள். கிரேஸ்கேல், ப்ளெய்ன் பேப்பர், பிக்மென்ட் கறுப்பு. புள்ளி புள்ளியாகச் சற்றுச் சொரசொரப்பாகத்தான் வரும், ஆனால் முகம் நிற்கும். மருந்து போடாத துணியில் நான் துவைக்கத் துணிந்து தைத்த போட்டோ அது ஒன்றுதான். கலர்தான் வேண்டும் என்பவர்கள், புது பிரின்டர் வாங்கும் எண்ணமும் இருந்தால், நான்கு நிறமும் பிக்மென்ட் உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

இஸ்திரி போட்டு ஒட்டும் டிரான்ஸ்ஃபர் பேப்பரையும் வாங்கிப் பார்த்தேன். படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி அச்சிட்டு, துணியில் கவிழ்த்து அழுத்த வேண்டும். அன்றைக்குக் கண்ணைப் பறித்தது. சில சலவையிலேயே மடிப்பு விழும் இடமெல்லாம் வெடித்தது. மறந்துபோய் மேலே நேராக இஸ்திரி வைத்தால் இளகி ஒட்டுகிறது. குழந்தை விரிப்புக்கு இதைப் பரிந்துரைக்கவே மாட்டேன்.

இப்போது ஊருக்கு ஊர் டிடிஎஃப் அச்சு (படலத்தில் அச்சிட்டுச் சூட்டில் துணிக்கு மாற்றுவது) வந்துவிட்டது. டீஷர்ட்டுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. கலர் நிற்கிறது, கறுப்புத் துணியிலும் வெள்ளை விழுகிறது. ஆனால் அது துணி மேல் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் படலம். கைத்தையல் ஊசி அதில் தடுக்கித் தடுக்கித்தான் இறங்குகிறது, இறங்கிய இடத்தில் ஓட்டை தெரிகிறது, போர்த்தினால் அந்த இடம் மட்டும் வேர்க்கிறது. துணிப்பைக்குச் சரி, குவில்ட்டுக்கு வேண்டாம். கோப்பையில் போட்டோ போடும் கடைகளில் இருப்பது சப்ளிமேஷன். அந்தச் சாயம் பாலியஸ்டரில்தான் ஏறும், பருத்தியில் நிற்காது. தலையணை உறை, பாலியஸ்டர் துணி என்றால் அங்கே தாராளமாகக் கொடுக்கலாம்.

தைக்கும்போது சில கவனம் வேண்டும். அச்சுக்கு நான்கு பக்கமும் அரை இன்ச் வெள்ளை விட்டுவிடுங்கள். குவில்ட் தையலுக்குக் கால் இன்ச் போய்விடும், மீதிக் கால் இன்ச் எழுத்துக்கு மூச்சு விட இடம். மெஷினில் 11-ஆம் நம்பர் ஊசி போடுங்கள். வழக்கமான 16 போட்டால் நெருக்கமான பாப்ளினில் துளை துளையாகத் தெரியும். பஞ்சு அடுக்கோடு சேர்த்து ஓட்டும் தையலை எழுத்தின் மேல் கொண்டுபோகாமல் கட்டத்தின் ஓரத்திலேயே ஓட்டினேன். துணிப்பை, பர்ஸ் என்றால் ஸ்டிக்கருக்குப் பதில் சட்டைக் காலருக்கு வைக்கும் ஒட்டுக் கேன்வாஸைப் பின்னால் நிரந்தரமாகவே ஒட்டி, அதையே பிரின்டருக்குள் விடலாம். உரிக்கும் வேலையும் இல்லை, விறைப்பும் கிடைக்கிறது.

செலவு பற்றிக் கேட்பார்கள். ஸ்டிக்கர் ஷீட்டும் அந்த அளவு பாப்ளினும் சேர்ந்து ஒரு கட்டத்துக்கு ஒரு நல்ல ஃபில்டர் காப்பியின் விலைதான் ஆகிறது. கறுப்பு மைச் செலவு கணக்கில் சேர்க்கும் அளவுக்கு இல்லை. நேரம்தான் போகும். துணியை வேகவைத்து, காயவைத்து, ஒட்டி, வெட்டி எடுப்பதற்குள் பாதி நாள் ஓடிவிடுகிறது. ஒரே நாளில் நிறைய ஷீட்டுகளை ஒட்டித் தட்டையாக அடுக்கி வைத்தால் ஓரம் சுருளாமல் இருக்கும். ஆனால் வாரக்கணக்கில் வைக்காதீர்கள், மேலே சொன்ன அதே பசைப் பிரச்சினை.

அடுத்த குவில்ட்டுக்குக் கடைத் துணியே வாங்கப் போவதில்லை. அப்பாவின் பழைய நாலு முழ வேட்டி ஒன்றை வெட்டி ஒட்டிப் பார்த்துவிட்டேன். ஆண்டுக்கணக்கில் துவைத்துத் துவைத்துக் கஞ்சியோ மெருகோ எதுவும் மிச்சமில்லாத துணி. வேகவைக்காமலேயே தண்ணீர்ச் சொட்டை உடனே உறிஞ்சுகிறது. சன்ன நூல் வேட்டியாக இருந்தால் பாப்ளினுக்கு ஈடாக அச்சு விழுகிறது. தடித்த நூல் வேட்டியில் எழுத்து உடையும். பழைய துணி மெலிந்திருக்கும் என்பதால் தைக்கும்போது பின்னால் ஒரு மல் துணியைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கரையையும் தூக்கிப் போடாதீர்கள், நீளமாகக் கிழித்தெடுத்தால் குவில்ட்டின் சுற்றோரப் பட்டைக்கு ஆகும். வைப்பதற்கு முன் அதன் ஒரு துண்டை வெந்நீரில் போட்டுச் சாயம் இறங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.